பயப்படாதீர்கள், கணக்குக் கேளுங்கள்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த நண்பர் ஒருவர், வீட்டில் யாருக்கோ பெரிய நோய் வந்துவிட்டதைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் ஒரு செய்தி சொன்னார்.

"சார், பையன் வேலையை விட்டுட்டான். சொந்தமா ஏதோ தொழில் பண்ணப் போறானாம். நீங்க கொஞ்சம் வந்து சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"வேண்டாம்னு சொல்லணும். நீங்க அனுபவப்பட்டவர்."

அதற்குள் பாயசம் வந்துவிட்டது; பேச்சு நின்றுவிட்டது. அவருக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் இதே கவலையோடு இரவில் புரண்டு படுக்கும் பெற்றோர் இன்னும் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தைரியசாலி அல்ல. மாயவரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, கையில் மெக்கானிக்கல் டிப்ளமோவோடு, 1981-இல் பம்பாய்க்கு ரயில் ஏறியவன். ரயில்வேயில் சேர்ந்து, பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் 38 வருஷம் உழைத்து, சீனியர் செக்ஷன் என்ஜினியராக 2019 அக்டோபரில் ஓய்வு பெற்றேன். மாதம் பிறந்தால் சம்பளம், வருஷம் பிறந்தால் இன்க்ரிமென்ட், லீவுக்கு ஊர் போக பாஸ். இந்த மூன்றையும் தவிர வேறு உலகத்தை நான் அறிந்தவனில்லை. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று என் அப்பா சொன்னார். அதையே நான் என் பிள்ளைக்குச் சொன்னேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம், தானாவில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்த என் மகன் வந்து, "அப்பா, நான் ராஜினாமா கொடுக்கப் போறேன். அம்பர்நாத் எம்.ஐ.டி.சி.யில் ஒரு ஷெட் வாடகைக்கு வருது. சின்னதா ஒரு மெஷின் ஷாப் போடலாம்னு இருக்கேன்" என்றபோது எனக்கு ஏற்பட்ட கலக்கத்தை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். ஓடுகிற ரயிலிலிருந்து அவன் குதிக்கப் போவதுபோல இருந்தது.

நம்மவர்களுக்கு ஏன் இந்தப் பயம்?

இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பம்பாய்க்கு வந்த தமிழர்கள் ஒரே வகை அல்ல. டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சர்டிபிகேட்டோடு வந்து கம்பெனி ஆபீஸ்களிலும், வங்கிகளிலும், ரயில்வேயிலும் உட்கார்ந்தவர்கள் ஒரு வகை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டும், கடை வைத்தும், விடியற்காலையில் இட்லி அவித்து சைக்கிளில் எடுத்துச் சென்று விற்றும் பிழைத்தவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர் வீட்டில் 'சொந்தத் தொழில்' என்று தனியாக ஒரு சொல்லே கிடையாது. அவர்களுக்கு அதுதான் பிழைப்பு. முதல் வகையைச் சேர்ந்த நாம்தான் அதை மலை உச்சியில் வைத்துவிட்டோம்.

ஊர் விட்டு வந்தவனுக்குச் சம்பளம் என்பது வெறும் பணம் அல்ல. அது ஒரு முகவரி. வீட்டு வாடகைக்கு, ரேஷன் கார்டுக்கு, பிள்ளைகளின் பள்ளி அட்மிஷனுக்கு, பெண் கேட்கப் போகும்போது என்று எதற்கும் 'எங்கே வேலை?' என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. சொந்த ஊரில் விழுந்தால் தூக்கிவிடச் சித்தப்பா, மாமா என்று நாலு பேர் உண்டு. இங்கே விழுந்தால் யார்? இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நியாயமான பயத்தையும் பரம்பரைச் சொத்தாகப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கக் கூடாது.

தமிழனுக்கு வியாபார ரத்தம் இல்லை என்பது சுத்தப் பொய். நகரத்தார் வீட்டுப் பையன்கள் கப்பலேறி பர்மா போய், கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, முதலாளியின் பணத்தைக் கடல் கடந்த ஊரில் பொறுப்பாகக் கையாண்டார்கள். நாடார் வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்துப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். அதுவே 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித்தான் தொடங்கினார். நம் எல்லோருக்கும் தெரிந்த டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு, அவற்றை விட்டுத்தான் 1911-இல் சொந்தத் தொழிலில் இறங்கினார். எங்கள் ரயில்வேக்காரர் ஒருவர் வேலையை விட்டதை அவர் வீட்டில் எப்படி எடுத்துக்கொண்டார்களோ, நினைத்துப் பார்க்கிறேன்.

பிரேக் சொல்லும் பாடம்

நான் ஆயுளெல்லாம் பார்த்தது பிரேக். அதனால் அதை வைத்தே ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பெட்டியின் ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும்வரைதான் பிரேக் விடுபட்டிருக்கும். வழியில் பைப் அறுந்தாலோ, பெட்டி கழன்றாலோ காற்று வெளியேறும், அழுத்தம் விழும், யாரும் தொடாமலே பிரேக் பிடித்துக்கொள்ளும். அதாவது, எந்தத் தவறு நடந்தாலும் வண்டி நிற்கும் பக்கமாகத்தான் சாயும். வண்டி புறப்படும் முன் கடைசிப் பெட்டிவரை காற்று போகிறதா என்று சோதித்து, கார்டு (2022 முதல் அவரை டிரெயின் மேனேஜர் என்கிறார்கள்) தன் பெட்டியில் உள்ள கேஜைப் பார்த்த பிறகே வண்டி நகரும்.

மழை இரவில் கசாரா மலைச்சரிவில் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளோடு இறங்கும் டிரைவருக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது? மீசையிலிருந்து அல்ல. பிரேக் வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்த்ததிலிருந்து வருகிறது. முன்பின் பார்த்திராத ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்த சிக்னலை நம்பி ஓட்டுகிறாரே, அந்த நம்பிக்கையும் குருட்டு நம்பிக்கை அல்ல; பல வருஷத்து விதிகளும் பதிவேடுகளும் அதன் பின்னால் நிற்கின்றன. திருக்குறளில் 51-ஆவது அதிகாரத்தின் பெயர் 'தெரிந்து தெளிதல்'. தெளிதல் என்றால் நம்புதல். முதலில் ஆராய்ந்து தெரிய வேண்டும், பிறகு நம்ப வேண்டும். வரிசை அதுதான்.

தொழிலுக்கும் இதேதான். ஆனால் இதை நான் என் மகனுக்கு முதலிலேயே சொல்லவில்லை. நானே பட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

நடந்த கதை

என் ஓய்வுப் பணத்தில் 6 லட்சம் கொடுத்தேன். அவன் சேமிப்பு 4 லட்சம். வங்கியில் முத்ரா கடன் 8 லட்சம். (2015 ஏப்ரலில் வந்த அந்தத் திட்டத்தில் சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுத்தார்கள், 2024-இல், முந்தைய கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரை என்று உயர்த்தினார்கள்.) ஒரு லேத், பழைய மில்லிங் மெஷின் ஒன்று, ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப் கம்பெனிகளுக்குப் புஷ், பின், ஃப்ளேஞ்ச் செய்து கொடுக்கும் வேலை. 2020 பிப்ரவரியில் பால் காய்ச்சினோம். மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு! லேத்தின் ஓசையை நாங்கள் கேட்டது நாற்பது நாள்கூட இருக்காது.

அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பட்டதுதான். வங்கித் தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தட்டுத் தடுமாறி நின்றுகொண்டோம். உண்மையான சோதனை அடுத்த வருஷம் வந்தது.

2021-இல் ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர் கிடைத்தது. மகனுக்கு ஒரே சந்தோஷம். மற்ற சின்ன ஆர்டர்களை ஒதுக்கிவிட்டு அவர்களுக்கே இரவு பகலாகச் செய்து கொடுத்தான். சரக்கு போய்க்கொண்டிருந்தது, பணம் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். பாக்கி 3 லட்சத்து 40 ஆயிரம். கேட்டால் 'அக்கவுன்ட்ஸில் இருக்கிறது', 'சாஹேப் லீவில் இருக்கிறார்'. வீட்டில் நான் "எப்படிப்பா போகுது?" என்று கேட்டால், "நல்லா போகுதுப்பா" என்பான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் பயப்படும்படி ஏதாவது சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம்.

ஒரு நாள் ஷெட்டுக்குப் போயிருந்தேன். வெர்னியர் கேலிப்பர் தேடி மேஜை டிராயரைத் திறந்தபோது ஒரு வங்கிச் சீட்டு கண்ணில் பட்டது. கலம்போலி மார்க்கெட்டில் எங்களுக்கு இரும்பு ராடு கொடுக்கும் குஜராத்தி சேட்டுக்கு மகன் கொடுத்த 62 ஆயிரம் ரூபாய் செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பியிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு சார்ஜ் ஷீட் வாங்காதவன் நான். செக் திரும்பினால் கோர்ட் வரை போகலாம் என்பது எனக்கும் தெரியும். சீட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை.

அந்த மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து ஒரு வரன் விஷயமாகப் போன் வந்தது. பெண்ணின் தகப்பனார் மரியாதையாகப் பேசிவிட்டு, "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டார். நான், கொஞ்சமும் தயங்காமல், "தானாவுல ஒரு கம்பெனியில மெக்கானிக்கல் என்ஜினியரா இருக்கார்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் முன்பு உண்மையாக இருந்த பொய் அது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகன் சமையலறை வாசலில் நிற்கிறான். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களே என்னை நம்பலையேப்பா. சேட் எப்படி நம்புவார்?" என்றான்.

நான் டிராயரில் பார்த்ததைச் சொன்னேன். "நீ மட்டும் என்னை நம்பி உண்மையைச் சொன்னியா?" என்று கேட்டேன். அவனுக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லியிருந்தோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். என் மனைவிதான், "ரெண்டு பேரும் பேசினது போதும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எல்லா நோட்டையும் இங்க கொண்டு வாங்க. எனக்கும் தெரியணும்" என்றாள்.

ஞாயிறு காலை கூடத்தில் பாய் விரித்து எல்லாப் பில்லையும் பரப்பினோம். வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, கையிருப்பு என்று மூன்று பத்தி போட்டேன். மத்தியானத்துக்குள் படம் தெளிவாகிவிட்டது. தொழில் கெட்டுப்போகவில்லை, ஒரே வாடிக்கையாளரிடம் மூச்சு அடைபட்டிருந்தது. மூன்று நாளாக என் மனதில் அது ஒரு பூதமாக இருந்தது. காகிதத்தில் எழுதியபோது அது ஒரு தொகையாகிவிட்டது. தொகைக்கு வழி தேடலாம், பூதத்துக்கு முடியாது.

திங்கட்கிழமை இருவருமாகக் கலம்போலி போனோம். சேட் எங்களை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். மகன் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவர் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "செக் திரும்பிய அன்றைக்கே நீ வந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பணம் இல்லாதவனுக்கு நான் பயப்படுவதில்லை. பதினோரு நாள் நீ என் போனை எடுக்கவில்லையே, அதற்குத்தான் பயந்தேன்." பழைய பாக்கிக்கு மூன்று மாதத் தவணை கொடுத்தார். புதுச் சரக்குக்குப் பாதி ரொக்கம், பாதி கடன் என்றார். எழுதிக்கூட வாங்கவில்லை, நாங்களாகத்தான் எழுதிக் கொடுத்தோம்.

அதே வாரம் அந்தப் பெரிய கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதினோம். நல்லவேளையாக 2020 ஜூலையில் உத்யம் பதிவு முறை வந்த சில வாரங்களிலேயே மகன் பதிந்து வைத்திருந்தான். 2006-ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, குறு, சிறு தொழிற்சாலைகளிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. கொடுக்காவிட்டால் அதற்கென்று உள்ள கவுன்சிலில் முறையிடலாம். இதையெல்லாம் மரியாதையான மொழியில், பில் நம்பர், சலான் நம்பரோடு எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். இரண்டு தவணையில் அசல் வந்துவிட்டது. வட்டி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன்பிறகு அவர்களிடமிருந்து ஒரு ஆர்டர்கூட வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரிமையைக் கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. தெரிந்தே அதைக் கொடுத்தோம்.

வரன் விஷயமும் அப்படியே. திருச்சிக்காரருக்கு நானே போன் செய்து, சொன்னது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த இடம் தட்டிப்போயிற்று. அடுத்த இடத்தில் முதல் வார்த்தையாகவே சொந்தத் தொழில் என்றேன், அதுவும் தட்டிப்போயிற்று. மூன்றாவது இடத்துப் பெண்ணின் தகப்பனார் மாவு மில் வைத்திருப்பவர். "கடன் எவ்வளவு, வரவு எவ்வளவு?" என்று நேராகக் கேட்டார். மகன் நோட்டைக் காட்டினான். 2022 ஆவணியில் கல்யாணம் நடந்தது. இன்று கணக்கெழுதுவது மருமகள்தான். என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

நான் சொல்ல வருவது

இன்று ஷெட்டில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். பெரிய பணக்காரர்களாகிவிடவில்லை. கம்பெனியிலேயே இருந்திருந்தால் மகனுக்குக் கிடைத்திருக்கும் சம்பளத்தைவிட சென்ற வருஷம் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சியது. எனவே, எல்லோரும் வேலையை விடுங்கள் என்று நான் பிரசாரம் செய்யவில்லை. ஆனால் 'வேண்டாம்' என்று சொல்ல என்னை யாரும் கூப்பிடவும் வேண்டாம். நான் சொல்லக்கூடியது நாலு விஷயம்தான்.

முதலாவது, பிரேக்கை முதலில் மாட்டுங்கள். எவ்வளவு போனால் நிறுத்துவது என்ற தொகையைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். ஓய்வுப் பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தொழில் தொடாமல் தனியே வையுங்கள். 'உனக்குப் பென்ஷன் இருக்கிறது, நீ பேசுவாய்' என்று கேட்பீர்கள். உண்மைதான், நான் கொடுத்த தைரியத்தில் பாதி என் பென்ஷனின் தைரியம். 2004 ஜனவரிக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்த பலருக்கு அந்தப் பழைய பென்ஷன் ஏற்பாடு இல்லை. தனியார் வேலைக்காரர்களுக்கு என்றுமே இருந்ததில்லை. அவர்கள் இன்னும் சிறிய தொகையில் கோடு போட வேண்டும். கோடு எங்கே என்பது அவரவர் சௌகரியம். கோடே இல்லாமல் இறங்குவது தைரியம் அல்ல, அசட்டுத்தனம்.

இரண்டாவது, கெட்ட செய்தி முதலில் வீட்டுக்கு வர வேண்டும். பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? சொன்னால் நாம் 'அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பிப்போம் என்பதால்தான். அந்த இரண்டு வார்த்தையை நாக்கிலிருந்து எடுத்துவிட்டால் பாதிப் பொய் நின்றுவிடும். எங்கள் வீட்டில் இன்றும் மாதத்தின் முதல் ஞாயிறு பாய் விரிப்பது உண்டு. 'எப்படிப் போகுது?' என்று கேட்பதில்லை. 'வர வேண்டியது எவ்வளவு, எத்தனை நாளாச்சு?' என்று கேட்கிறோம். நம்பிக்கை என்பது கேள்வி கேட்காமல் இருப்பதல்ல. கேட்டாலும் கோபம் வராத இடத்துக்குத்தான் நம்பிக்கை என்று பெயர்.

இது வேலைக்காரர்களுக்கும் பொருந்தும். எங்கள் லேத்தை ஓட்டுபவர் வயதான மராட்டியர். எல்லோரும் காகா என்று கூப்பிடுவோம். ஒருமுறை இருநூறு புஷ்ஷில் துளை அளவு பெரிதாகிவிட்டது. சரக்கு வெளியே போவதற்கு முன்பே அவராக வந்து, "என் தவறு, டூல் தேய்ந்ததைக் கவனிக்கவில்லை" என்று சொன்னார். போன நஷ்டம் போயிற்று. ஆனால் வாடிக்கையாளர் தப்பினார். அதற்கு முந்தின தவறுக்கு மகன் கத்தியிருந்தால், இந்தத் தவறு பெட்டிக்குள் போய் ஆணி அடிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, வெளியாரை நம்புங்கள், ஆனால் எழுத்தில் நம்புங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாமல் சரக்குச் செய்யாதீர்கள். சலானில் கையெழுத்து இல்லாமல் சரக்கை இறக்காதீர்கள். ஒரே வாடிக்கையாளர், அவர் எவ்வளவு பெரியவரானாலும், மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள். எங்களுக்கு அது 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்ப் பாடம். சரக்கு அனுப்பத் தொடங்கும் முன்பே உத்யம் பதிவைச் செய்து, அந்த எண்ணைப் பில்லில் அச்சிடுங்கள். 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளருக்குரிய பணத்தைக் கெடுவுக்குள் கொடுக்காமல் வருஷம் முடிந்துவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருஷத்து வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கலாம். அதனால் மார்ச் மாதத்தில் இப்போது பல அக்கவுன்ட்ஸ் இலாகாக்கள் தாமாகவே போன் செய்கின்றன! இந்தப் பாதுகாப்பு உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாலாவது, இது நம் சங்கத்துக்கு. குஜராத்தி அன்பர்கள் கூடினால் யாருக்கு யார் சரக்குக் கொடுக்கலாம் என்று பேசுகிறார்கள். நாம் கூடினால் யார் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறான் என்று பேசுகிறோம். பிள்ளை தொழில் செய்கிறான் என்றால் சபையில் ஒரு வினாடி மௌனம். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் நான் திருச்சிக்காரரிடம் பொய் சொன்னேன். நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் கூடுகிற நாம், மாதத்தில் ஒரு மாலை, தொழில் செய்யும் நம்மவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன? ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள், கணக்கர்கள், விற்பனை வரி இலாகாவில் இருந்தவர்கள், என்னைப்போல மெஷினோடு பழகியவர்கள் என்று எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறோம். கடன் கொடுக்க வேண்டாம். ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் படித்துப் பார்த்துத் தப்பு எங்கே என்று சொன்னால் போதும். தொழிலில் நஷ்டப்பட்டவர்கள் வந்து பேசினால் இன்னும் நல்லது. ஜெயித்த கதையைவிட அதில்தான் படிப்பு அதிகம்.

கமிட்டிக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கவும் போவதில்லை. இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க நூலக அறையில் இருப்பேன். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவருவேன்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பரே, உங்கள் பிள்ளையை அழைத்து வாருங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, எவ்வளவு போனால் நிறுத்துவாய் என்று மூன்று கேள்வி கேட்பேன். பதில் தெரிந்தால் ஆசீர்வாதம் செய்து அனுப்புவேன். தெரியாவிட்டால் இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போடுவோம். நீங்களும் கூட இருங்கள்.